வசனம் கேக்குற பெட்டி: மரக்காணத்து வீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் செட்

மரக்காணத்துலேருந்து ஒரு நேயர் மெயில் போட்டிருந்தார். வீடு உப்பளத்துக்குப் பக்கத்துல. அவருக்குப் பாட்டு வேணும், அவங்க அப்பாவுக்குப் படம் வேணும். ஹால் ஒண்ணுதான், பட்ஜெட்டும் ஒண்ணுதான். இப்ப இருக்குற சவுண்ட்பார்ல அப்பாவுக்கு வசனம் புரியறதில்லையாம். வால்யூமை ஏத்தினா அடுத்த சண்டைக் காட்சியில வீடே அதிருதாம். அதனால அவர் டிவி முன்னாடி உக்கார்றதையே விட்டுட்டார்னு எழுதியிருந்தார். பாட்டுக்கு ஒண்ணு, படத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு செட் வாங்கணுமாங்கிறதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி எப்பப் பிறந்துச்சுன்னு முதல்ல பார்க்கலாம். ஏன்னா தமிழ்நாட்டு வீடுகள்ல ரொம்ப காலத்துக்கு இதுக்கு இடமே இல்ல. படம் வீட்டுக்குள்ள வந்ததே காது வழியாத்தான்.

ஏ.வி. மெய்யப்பன் படம் எடுக்க வர்றதுக்கு முன்னாடி கிராமபோன் இசைத்தட்டு வித்தவர். சரஸ்வதி ஸ்டோர்ஸ்னு கடை. அந்தக் காலத்து 78 ஆர்பிஎம் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு, நாலு நிமிஷம்தான் பிடிக்கும். அதுலயே நாடகத்தைத் துண்டு துண்டா வெட்டி, பல தட்டு சேர்ந்த ஒரு செட்டா வித்தாங்க. காட்சி சூடு பிடிக்கிற நேரத்துல யாராவது எழுந்து போய் தட்டைத் திருப்பிப் போடணும். நாம ரீல்ஸைத் தள்ளிக்கிட்டே பார்க்கறதைக் கிண்டல் பண்றவங்க இதையும் கொஞ்சம் நினைச்சுக்கலாம்.

அப்புறம் பேசும் படம் வந்து, வசனத்துக்காகவே படம் ஓடுற காலமும் வந்தது. 1952ல ‘பராசக்தி’, 1959ல ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, 1965ல ‘திருவிளையாடல்’. இந்தப் படங்களோட கதை வசனம் தனியா இசைத்தட்டா வந்தது, பின்னாடி கேசட்டாவும் வந்தது. ஊர்த் திருவிழா, கல்யாணம், காதுகுத்துன்னு எது நடந்தாலும் மைக் செட்காரர் மரத்துல குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். பாட்டு முடிஞ்சதும் தருமி புலம்ப ஆரம்பிச்சுடுவார். வானொலியில ‘ஒலிச்சித்திரம்’ வேற. மூணு மணி நேரப் படத்தைச் சுருக்கி, ஒலியை மட்டும் போடுவாங்க. தியேட்டருக்குப் போக வழியில்லாதவங்க பல படத்தை அப்படித்தான் ‘பார்த்தாங்க’.

இங்க ஒரு இன்ஜினியரிங் விஷயம் இருக்கு. மனுஷப் பேச்சு புரியறதுக்கு சுமார் 300 ஹெர்ட்ஸ்லேருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும் இருந்தாலே போதும். பழைய டெலிபோன் லைன் அந்த அளவைத்தான் அனுப்புச்சு. மீடியம் வேவ் ரேடியோ அதைவிடக் கொஞ்சம்தான் கூட. குழாய் ஸ்பீக்கர்ல பாஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது. பாட்டு கேக்க அது சுமாரான கருவிதான், ஆனா வசனத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருந்தது. ‘வரி, வட்டி’ன்னு சிவாஜி கர்ஜிச்சது நாலு தெரு தள்ளியும் எழுத்து பிசகாம கேட்டதுன்னா, குறைபாடுன்னு நாம சொல்ற அந்தக் குணம்தான் காரணம்.

இசைக்கான காது அடுத்து மாறுச்சு. 1978ல ‘பிரியா’ படப் பாட்டுகள் ஸ்டீரியோவுல பதிவாகி வந்தது. பிலிப்ஸ் 1963லயே அறிமுகப்படுத்தின கேசட், நம்ம ஊருல பரவலானதும் ஏறக்குறைய அந்தச் சமயத்துலதான். வளைகுடா போனவங்க ‘டூ இன் ஒன்’ கொண்டு வந்தாங்க. ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரெண்டும் ஒரே பெட்டி, மேல ஒரு கைப்பிடி. சைடு ஏ-ல இளையராஜா பாட்டு, அடுத்த கேசட்ல கதை வசனம். ரெண்டுக்கும் அதே பெட்டிதான்.

இசையைத் தூக்கிட்டு நடக்கறது இந்தக் கரைக்குப் புதுசும் இல்ல. ‘சிறுபாணாற்றுப்படை’ சொல்ற எயிற்பட்டினம் இன்னிக்கு மரக்காணம்தான்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. சின்ன யாழோட பரிசு தேடிப் போற பாணனுக்கு வழி சொல்ற பாட்டு அது. சங்க காலத்து போர்ட்டபிள் ஆடியோன்னு வெச்சுக்கலாம்.

பாட்டும் படமும் பிரிஞ்சது தியேட்டர்லதான். 1995ல ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோட வந்தது, 1996ல ‘கருப்பு ரோஜா’ டிடிஎஸ்ல வந்தது. ‘ஜுராசிக் பார்க்’ல அந்த டிடிஎஸ் அறிமுகமாகி மூணே வருஷம்தான் ஆகியிருந்தது. இப்ப படத்துக்கு ஆறு பாதை: இடது, வலது, பின்னாடி ரெண்டு, அதிர்வுக்கு ஒண்ணு, வசனத்துக்குன்னு நடுவுல ஒண்ணு. பாட்டு இன்னமும் ரெண்டு பாதையிலயே இருந்தது.

ஆசை வீட்டுக்கும் வந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்ல 5.1 செட் அடுக்கி வெச்சு வித்தாங்க. வேடிக்கை என்னன்னா, அப்ப நம்ம வீடுகள்ல ஓடுனது பெரும்பாலும் விசிடி. அதுல இருக்கறதே ரெண்டு சேனல்தான். அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்து ஸ்டீரியோவை மென்னு துப்பிக்கிட்டு இருந்தது. 2006லேருந்து அரசு கொடுத்த இலவச 14 இன்ச் கலர் டிவி ஒரு கோடிக்கும் மேல வீடுகளுக்குப் போச்சு. அதுல இருந்த சின்ன ஸ்பீக்கர்ல வசனம் நல்லாவே புரிஞ்சதுங்கறதையும் சொல்லணும்.

இப்ப நேயரோட பிரச்சினைக்கு வருவோம். ஓடிடி படம் 5.1ல கலந்து வருது. அதை ரெண்டு பாதையா மடக்கும்போது நடு சேனலை வழக்கமா 3 டெசிபல் குறைச்சுத்தான் ரெண்டு பக்கமும் சேர்ப்பாங்க. வயசானா காதுல முதல்ல மங்கறது ‘ச’, ‘த’ மாதிரி எழுத்துகள் வாழ்ற உயர் அலைவரிசைதான். இது ரெண்டும் சேர்ந்தா வசனம் முணுமுணுப்பாயிடும். இதுக்கு வாட்ஸ் ஏத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல.

அதனால ரெண்டு செட் வேணாம். நல்ல ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு, புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. டிவியோட ஆடியோ செட்டிங்கை ஸ்டீரியோன்னு வைங்க, நைட் மோட் இருந்தா போடுங்க. அப்பா நாற்காலி ரெண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவுல இருந்தா, குரல் திரையிலேருந்தே வர்ற மாதிரி இருக்கும். இதுலயும் பத்தலைன்னு தோணுற வீட்டுக்கு, சென்டர் ஸ்பீக்கர் போட வசதியுள்ள ஏவி ரிசீவரை முதல்லயே வாங்கிக்கலாம். காசு மிச்சம் பிடிக்க சப்வூஃபரைத் தள்ளிப் போடுங்க, சென்டரைத் தள்ளிப் போடாதீங்க.

மரக்காணத்துக்குன்னு இன்னொரு கணக்கும் இருக்கு. காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாவே தண்ணியை இழுத்துக் கரையும். சர்க்யூட் போர்டுல படிஞ்ச உப்புத் தூசி அப்ப மின்சாரம் கடத்தும். ஸ்பீக்கர் காந்தத்தோட இடுக்குல துரு ஏறினா கரகரன்னு உரசும். அதனால கோன் ஓரத்துல ஃபோம் வேணாம், ரப்பர் பாத்து வாங்குங்க. கடல் பார்த்த ஜன்னல் பக்கம் வைக்காதீங்க. செட்டை மூடி வெச்சு மாசக்கணக்கா விடறதைவிட அடிக்கடி ஓட விடறது நல்லது, அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். பச்சை பிடிச்ச செம்பு ஒயர் நுனியை வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டிப் புதுசா சீவி மாட்டுங்க. தரையில எதையும் வைக்க வேணாம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தப்ப பெஞ்ச மழையை அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

கடைக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. சேல்ஸ்மேன் பாஸ் அதிர்ற பாட்டைத்தான் முதல்ல போடுவார். அவரைக் கொஞ்சம் நிறுத்தி, ‘திருவிளையாடல்’ல தருமி வர்ற காட்சியைச் சின்ன சத்தத்துல போடச் சொல்லுங்க, அடுத்து சண்டைக்கு நடுவுல ஆள் பேசற ஒரு புதுப் படத்தை. ரெண்டுலயும் ஒவ்வொரு சொல்லும் புரிஞ்சதுன்னு அப்பா தலையாட்டினதுக்கப்புறம் அவர் எந்தப் பாட்டை வேணாலும் போடட்டும்.