செப்புத் தகடும் காகித நாணயமும்: சுவீடன் தேசத்து வங்கித் தொழிலின் வரலாறு, 1656–1903

ஐரோப்பாக் கண்டத்தில் காகித நோட்டை முதன்முதலாக வெளியிட்ட பெருமை வெனிஸுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ லண்டனுக்கோ சேரவில்லை. செல்வத்திலும் வாணிபத்திலும் அந்நகரங்களுக்கு எவ்விதத்திலும் ஈடாகாத ஸ்டாக்ஹோமுக்கே சேர்ந்தது. இதன் காரணத்தை அறிய விழைவோர் பொருளாதாரத் தத்துவங்களை ஆராய்வதற்கு முன்னர் ஃபாலுன் நகரத்துச் செப்புச் சுரங்கத்தை நோக்குதல் நலம். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவுக்கு வேண்டிய செம்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரு சுரங்கத்திலிருந்தே கிடைத்து வந்தது. அந்நியச் சந்தைகளில் செம்பின் விலை தாழாதிருக்க வேண்டுமாயின், அதில் ஒரு பகுதியை நாணயமாக்கி உள்நாட்டிலேயே நிறுத்திவிட வேண்டும் என்ற யோசனை அரசாங்கத்தாருக்கு உண்டாயிற்று. 1624ஆம் ஆண்டில் வெள்ளியோடு செம்பும் தேசத்தின் நாணய உலோகமாயிற்று. வெள்ளிக்கு நிகரான மதிப்பைச் செம்பில் தருவதென்றால் எடை பெருகுவது இயல்பே. 1644இல் வார்க்கப்பட்ட பத்து டாலர் தகடு ஒன்று ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ளதாக இருந்தது என்றால், வரி கட்டச் சென்றவன் பணப்பையை விடுத்து வண்டியைப் பூட்ட நேர்ந்ததில் வியப்பில்லை.

இத்தகைய நாணயத்தால் வருந்திய நாட்டில்தான் யோஹான் பால்ம்ஸ்ட்ரூக் என்பவர் வந்து சேர்ந்தார். ரீகா நகரில் 1611இல் பிறந்து, ஆம்ஸ்டர்டாமில் வாணிபம் செய்து, அங்கே கடன்பட்டுச் சிறைவாசமும் அனுபவித்துப் பின்னர் சுவீடனுக்குக் குடிபெயர்ந்த அவர், டச்சு நகரத்து வங்கிகளின் நடைமுறையை நேரில் அறிந்தவர். இலாபத்தில் பாதியை முடியரசுக்கு அளிப்பதாகக் கூறி, பத்தாம் கார்ல் குஸ்தாவ் மன்னரிடம் 1656 நவம்பர் 30ஆம் தேதியன்று உரிமைப் பத்திரம் பெற்று, ஸ்டாக்ஹோம்ஸ் பாங்கோ என்னும் ஸ்தாபனத்தை அவர் நிறுவினார். பணத்தை வைப்பாகப் பெற்றுக் கணக்கு மாற்றிக் கொடுப்பதற்கு ஒரு பிரிவும், நிலத்தையும் சரக்கையும் ஈடாகக் கொண்டு கடன் வழங்குவதற்கு மற்றொரு பிரிவுமாக அது அமைந்தது. ஆம்ஸ்டர்டாமில் இவ்விரு தொழில்களும் வெவ்வேறு ஸ்தாபனங்களிடம் இருந்தன. பால்ம்ஸ்ட்ரூக்கோ அவற்றை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்ததுடன், முதற் பிரிவில் சேர்ந்த வைப்புப் பணத்தையே இரண்டாம் பிரிவின் வழியாகக் கடனாக விடவும் துணிந்தார். இன்றைய வங்கிகள் அனைத்தும் நாள்தோறும் செய்வது இதுவே. ஆனால், கேட்ட மாத்திரத்தில் திருப்பித் தரவேண்டிய பணத்தை நீண்ட தவணைக் கடனில் முடக்கினால் என்ன நேரும் என்பதை அனுபவம் அவருக்கு இன்னும் போதித்திருக்கவில்லை.

அப்போதனை வர அதிக காலம் ஆகவில்லை. 1660ஆம் ஆண்டில் அரசாங்கம் தகட்டு நாணயங்களின் எடையைக் குறைத்தது. அதனால் பழைய தகடுகளில் அடங்கிய செம்பின் விலை அவற்றின் முகமதிப்பைவிட உயரவே, வங்கியில் அவற்றை ஒப்படைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒருமுகமாக வந்து தத்தம் தகடுகளைத் திருப்பிக் கேட்டனர். தகடுகளோ கடனாகச் சென்றுவிட்டன. இச்சங்கடத்திலிருந்து மீளும் உபாயமாகவே 1661இல் பால்ம்ஸ்ட்ரூக் 'கிரெடிட்டிவ்செட்லர்' என்ற காகிதச் சீட்டுகளை வெளியிட்டார். ஒருவர் செய்த வைப்புக்கு ரசீதாகவோ வட்டி தரும் பத்திரமாகவோ இன்றி, முழுத்தொகை குறித்து, வைத்திருப்பவர் யாராயினும் அவருக்கு உலோகம் தரப்படும் என்று கையொப்பமிட்டு வழங்கிய அச்சீட்டுகளே ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டுகள். சுமையினின்று விடுபட்ட வணிகர்கள் அவற்றை மகிழ்ச்சியோடு ஏற்றனர். ஏற்றதே தீங்காயிற்று, தேவைக்கு மேல் நோட்டுகள் பெருகி, இரண்டே ஆண்டுகளில் அவற்றை மாற்றக் கூட்டம் கூடி, 1664இல் வங்கியின் இயக்கம் நிலைகுலைந்தது. வழக்கு நீதிமன்றம் சென்றது. பால்ம்ஸ்ட்ரூக்குக்கு விதிக்கப்பட்ட கடுந்தண்டனை பின்னர்ச் சிறைவாசமாகத் தணிக்கப்பட்டது. 1670இல் விடுதலை பெற்ற அவர் மறு ஆண்டிலேயே காலமானார்.

இந்தச் சிதைவின்மீது எழுந்ததே இன்று உலகில் நீடித்து வாழும் மத்திய வங்கிகளுள் மிகப் பழையதாகிய ரிக்ஸ்பாங்கு. 1668இல் அதை நிறுவியபோது, மன்னரின் பொறுப்பில் விடாமல் தேசத்துப் பிரதிநிதி சபையின் பொறுப்பிலே வைத்தனர். பிரபுக்கள், குருமார், நகரத்தார் ஆகிய மூன்று வகுப்பினரும் உத்தரவாதம் ஏற்க, நான்காம் வகுப்பினராகிய குடியானவர்கள் மட்டும் இந்த விவகாரமே வேண்டாமென்று ஒதுங்கி, 1800ஆம் ஆண்டு வரையில் அதில் கலக்காதிருந்தனர். பால்ம்ஸ்ட்ரூக்கின் நினைவு பசுமையாக இருந்தமையால், புதிய வங்கி நோட்டு வெளியிடுவதும் தடுக்கப்பட்டது. மன்னர் கைக்கு எட்டாத இடத்தில் வங்கியை வைத்ததே சுவீடனின் நிதி ஒழுக்கத்துக்கு மூலகாரணம் என்று புகழ்ந்துரைப்பது வழக்கம். 18ஆம் நூற்றாண்டின் நிகழ்ச்சிகளை நோக்குங்கால், இப்புகழுரையை அப்படியே ஒப்புக்கொள்ளுதல் எனக்கு இயலவில்லை.

1701இல் கைமாற்றிக் கொடுக்கத்தக்க வைப்புச் சீட்டுகளுக்கு அனுமதி கிடைத்தது. நாளடைவில் அவை நோட்டுகளாகவே வழங்கின. முடியின் அதிகாரம் தேய்ந்து பிரதிநிதி சபையே ஆட்சி செலுத்திய காலத்தில், அச்சபையில் மேலோங்கியிருந்த தொப்பிக் கட்சியினர் ருஷ்யாவோடு 1741இல் தொடுத்த யுத்தத்துக்கும், தங்களுக்கு வேண்டிய தொழிற்சாலைகளுக்கும் இதே வங்கியிலிருந்து தாராளமாகக் கடன் பெற்றனர். 1745இல் நோட்டை உலோகமாக மாற்றிக் கொடுப்பது நிறுத்தப்பட்டது. எதனை மன்னன் செய்துவிடுவானோ என்று அஞ்சி வங்கியைச் சபையிடம் ஒப்புவித்தார்களோ, அதனைச் சபையே செய்து முடித்தது. விலைவாசி ஏறிய கோபத்தில் 1765இல் பதவிக்கு வந்த எதிர்த்தரப்பினராகிய குல்லாய்க் கட்சியினர், நோட்டுகளைச் சுருக்கிப் பழைய மதிப்புக்கே பணத்தை ஏற்றிவிட முற்பட்டு, கடன்பட்ட தொழில் நடத்துவோரையும் வியாபாரிகளையும் திவாலாக்கினர். நின்ற இடத்திலேயே மதிப்பை நிலைநிறுத்துவதுதான் நியாயம் என்று வாதித்துப் பிரசுரம் எழுதிய ஆண்டர்ஸ் கிடேனியஸ் என்ற பின்லாந்துப் பாதிரியார், அதன் பொருட்டு 1766இல் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதே ஆண்டில் அச்சபை நிறைவேற்றிய பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்துக்காக முன்னின்று உழைத்தவரும் அவரே என்பதை இங்கே குறிப்பிடாமல் கடந்து செல்ல மனம் வரவில்லை.

மூன்றாம் குஸ்தாவ் மன்னர் 1776இல் நாணயத்தை வெள்ளியின் அடிப்படையில் சீர்செய்தார். ஆயினும் 1788இல் மீண்டும் ருஷ்ய யுத்தம் மூள, மறு ஆண்டே தேசியக் கடன் அலுவலகம் தோன்றி, ரிக்ஸ்பாங்கின் நோட்டோடு தன் கடன் சீட்டுகளையும் உலவவிட்டது. இருவகைக் காகிதமும் இரு விலையில் வழங்கிய குழப்பம் 1803 வரை நீடித்தது. அவ்வாண்டில் ஒன்றரை ரிக்ஸ்டாலர் கடன் சீட்டு ஒரு ரிக்ஸ்டாலர் வங்கி நோட்டுக்குச் சமம் என்று தீர்மானித்தனர்.

உண்மையான மாற்றம் வேறொரு திசையிலிருந்து வந்தது. அரசாங்க ஆதரவை நம்பி, உண்டியல்களைக் கழிவில் வாங்கிக் கடன் தந்துவந்த டிஸ்கவுண்டு ஸ்தாபனங்கள் 1817ஐ ஒட்டிய ஆண்டுகளில் முறிந்துபோக, 1824ஆம் ஆண்டின் ராஜாக்ஞை தனியார் வங்கிகளுக்கு வழிவிட்டதோடு, அரசாங்கத்தின் உதவியை அவை எதிர்பார்க்கலாகாது என்பதையும் தெளிவாக்கியது. இஸ்டாட் நகரில் 1831இல் தொடங்கிய ஸ்கோனே வங்கி இவ்வகையில் முதலாவது. இவ்வங்கிகள் தாமே நோட்டு வெளியிட்டன. சட்டம் யாரையும் அவற்றை ஏற்கும்படி கட்டாயப்படுத்தவில்லை. பங்குதாரர் ஒவ்வொருவரும் வங்கியின் கடனுக்குத் தம் சொத்து முழுவதையும் பொறுப்பாக்கியிருந்தமையால், கிராமத்து வியாபாரியும் தயக்கமின்றி அவற்றை வாங்கினான். மன்னரின் முத்திரையும் சபையின் உத்தரவாதமும் அளிக்க இயலாத நம்பிக்கையை, நஷ்டம் தம் வீட்டு வாசலுக்கே வந்துசேரும் என்று அறிந்திருந்த சில நூறு பங்குதாரர்களின் அச்சம் அளித்தது என்பதே என் துணிபு.

கடற்படை அதிகாரியாயிருந்த ஆந்த்ரே ஆஸ்கர் வாலன்பெர்க் 1856இல் ஸ்டாக்ஹோம்ஸ் என்ஸ்கில்டா பாங்கைத் தொடங்கியபோது, நோட்டு வெளியிடுவதைக் காட்டிலும் வட்டி கொடுத்துப் பொதுமக்களின் வைப்பைத் திரட்டுவதிலேயே கருத்தைச் செலுத்தினார். ஆனால் ரயில்வேப் பத்திரங்களில் பணத்தை மிகுதியாக ஈடுபடுத்தியதால் 1878–79இல் வைப்பாளர்கள் திரண்டு வர, அரசாங்கம் ரயில்வேப் பத்திரங்களை ஈடாகக் கொண்டு கடன் வழங்கும் நிதி ஒன்றை ஏற்படுத்தி அதனைக் காக்க வேண்டியதாயிற்று. அரசாங்கத்தின் உதவியை நாடாத வங்கி என்ற 1824ஆம் ஆண்டின் கொள்கை அன்றே தளர்ந்துவிட்டது.

தங்க நாணய முறையை 1873இல் டென்மார்க்குடன் சேர்ந்து ஏற்ற பின்னர், ஒரு தேசத்துக்குள் பல வங்கிகளின் நோட்டு வழங்குவது ஒவ்வாது என்ற அபிப்பிராயம் வலுத்தது. 1897ஆம் ஆண்டுச் சட்டம் நோட்டு வெளியிடும் தனியுரிமையை ரிக்ஸ்பாங்குக்கே அளித்து, மற்ற வங்கிகள் தம் நோட்டுகளை மீட்டுக்கொள்ள 1903 முடிய அவகாசம் தந்தது. உரிமையை விட்டுக்கொடுத்தவற்றுக்குச் சலுகை வட்டியில் ரிக்ஸ்பாங்கு கடன் வழங்கியது. வைப்புப் பணத்தாலேயே வளர்ந்துவிட்டிருந்த தனியார் வங்கிகள் அச்சலுகையைப் பெற்றுக்கொண்டு, பெரிய எதிர்ப்பின்றி நோட்டுத் தொழிலைக் கைவிட்டன.