பீஸ் கட்டை முதல் பிழைக்குறி வரை

பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் நெய்வேலியில், சோவியத் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையம் 1962-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தமிழ்நாடு மின்சார வாரியம் 1957-லேயே உருவாகியிருந்தது. வீடுகளுக்குள் மின்சாரம் நுழைந்த அக்காலத்தில் பழுதை முதலில் அறிவித்தது பீஸ் கட்டை, அதாவது அளவுமீறிய மின்னோட்டத்தில் உருகி அறுந்துவிடும் மெல்லிய கம்பியைத் தாங்கும் பீங்கான் துண்டு. அதைக் கழற்றி, பீங்கானில் கரித்தடம் தெறித்திருந்தால் ஷார்ட் சர்க்யூட் என்றும், கம்பி நடுவில் மட்டும் உருகியிருந்தால் மிகைச்சுமை என்றும் எலக்ட்ரீஷியன்கள் கணித்தனர். ஏட்டில் ஏறாத அந்தக் கைத்திறன் பெருமதிப்புக்குரியது.

பம்பு செட்டுகள் பெருகி, 230 வோல்ட்டாக இருக்க வேண்டிய மின்னழுத்தம் தாழ்ந்தபோது ஸ்டெபிலைசரும், 2008-க்குப் பிந்தைய நீண்ட மின்வெட்டுகளில் இன்வெர்ட்டரும் பரவின.

இன்று சில சலவை இயந்திரங்கள், ஓட்டத்தின் நடுவே மின்சாரம் நின்று திரும்பினால், ‘பி.எஃப்.’ என்று திரையில் காட்டுகின்றன. மின்தடை என்பதன் ஆங்கிலச் சுருக்கமான இக்குறி பெரும்பாலும் இயந்திரப் பழுதைக் குறிப்பதில்லை, ஆதலால் அணைத்து மீண்டும் இயக்கினால் போதும். மின்வெட்டே இல்லாமல் அது திரும்பத் திரும்பத் தோன்றினால், தளர்ந்த பிளக்கையும், சூட்டில் பழுப்பேறிய சாக்கெட்டையும், நியூட்ரல் கம்பியின் இணைப்பையும் எலக்ட்ரீஷியன் சோதிக்க வேண்டியிருக்கிறது.