அஸ்ஸஹ்ராவியின் குடல் தையல்

குடற் காயத்தைத் தைக்க விலங்கின் குடலிலிருந்தே நூல் எடுக்கும் முறையை உலகிற்கு முதன்முதலில் தந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி என்று நம் மேடைகளிலும் விழா மலர்களிலும் அடிக்கடி கூறப்படுகிறது. அவர் பெருமைக்குரியவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் எழுதியதை அவருடைய நூலிலேயே படிக்கும்போது, இதனினும் உயர்ந்த ஒரு சிறப்பை நாம் காண்கிறோம்.

அந்தலூஸின் தலைநகரான குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் ஏறத்தாழ கி.பி. 936இல் பிறந்து, 1013 அளவில் மறைந்தவர் அவர். 'அத்தஸ்ரீஃப்' என்னும் அவரது பெருநூல் 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி முழுவதும் அறுவை மருத்துவம் பற்றியது. வயிறு கிழிந்து குடல் வெளிப்படும் நிலைக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. வெளிப்பட்ட குடல் குளிர்ந்து உப்பிவிட்டால் அதை உள்ளே செலுத்துவது கடினம். எனவே முதலில் வெதுவெதுப்பான நீரால் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார்.

குடலிலேயே காயம் இருந்தால் என்ன செய்வது? இரு வழிகளை எழுதுகிறார். முதலாவது, காயத்தின் விளிம்புகளை ஒன்றுசேர்த்துப் பெரிய தலையுடைய எறும்பைக் கடிக்கவிட்டு, அது கவ்வியதும் உடலை வெட்டி நீக்குவது. தலைகள் ஒட்டியபடியே இருக்கக் குடலை உள்ளே வைத்துவிட வேண்டும். இரண்டாவது, விலங்கின் குடலிலிருந்து எடுத்த மெல்லிய இழையை நன்கு சுரண்டி, அதன் முனையில் முறுக்கிய நூலைக் கட்டி, ஊசியில் கோத்துத் தைப்பது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. எறும்பு முறையைத் தம் கண்டுபிடிப்பாக அவர் கூறவில்லை. அனுபவமுடையோர் சிலர் சொன்னது என்றே பதிவுசெய்கிறார். இதே முறை இந்தியாவின் சுஸ்ருத சம்ஹிதையிலும் உண்டு. அந்நூல் அப்பாஸியர் காலத்தில், வஸீர் யஹ்யா இப்னு காலிதின் ஆணைப்படி அரபியில் விளக்கப்பட்டதை இப்னுந் நதீம் குறிப்பிடுகிறார். குடல் நூலையும் கிரேக்க மருத்துவர் காலென் முன்பே அறிந்திருந்தார். அடுத்தது, இவ்விரு தையல்களும் நம்பிக்கையை முன்னிட்டுச் செய்யும் முயற்சியே, உறுதியான சிகிச்சை அல்ல என்று அஸ்ஸஹ்ராவி வெளிப்படையாக எழுதுகிறார். காயம் சிறிதாக இருந்தால் மட்டுமே இவை பொருந்தும். அகன்ற காயத்திற்கு, அதிலும் சிறுகுடலில் ஏற்பட்டதற்கு, வழியே இல்லை என்கிறார்.

அவர் வரைந்த எல்லை எவ்வளவு உண்மையானது என்பதைப் பிற்கால வரலாறு காட்டுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்டு அப்பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைக் கற்றனர். எனினும் குடலைத் தைப்பது நெடுங்காலம் உயிரோடு விளையாடும் செயலாகவே இருந்தது. தையலில் சிறு கசிவு ஏற்பட்டாலும் மலம் வயிற்றறைக்குள் பரவி அழற்சியால் மரணம் நேரும். 1826இல் பிரான்சின் லாம்பேர், குடலின் வெளிப்படலங்கள் ஒன்றையொன்று தொடுமாறு தைத்தால் அவை விரைவில் ஒட்டும் என்று காட்டினார். 1887இல் அமெரிக்காவின் ஹால்ஸ்டெட், தையலைத் தாங்கும் வலிமை உட்சவ்விற்கு அடுத்துள்ள நார்ப் படலத்திற்கே உண்டு என நிறுவினார். கிருமி ஒழிப்பும் மயக்க மருந்தும் துணைசேர்ந்த பின்னரே, நோயுற்ற பகுதியை வெட்டி நீக்கி இரு முனைகளையும் இணைக்கும் சிகிச்சை நம்பத்தக்கதாயிற்று.

ஆகவே, "முதலில் கண்டுபிடித்தவர்" என்ற பட்டம் அஸ்ஸஹ்ராவிக்குத் தேவையில்லை. அதை அவர் கோரவுமில்லை. யார் சொன்னது, எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்னும் இரண்டையும் சொல்லாமல் ஒரு செய்தியைக் கடத்தக் கூடாது என்பது ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத்தந்த ஒழுங்கு. உயிர் ஊசலாடும் நோயாளியின் அருகிலும் அதே ஒழுங்கைப் பேணினார் அந்த மருத்துவர். அவரைப் பற்றிப் பேசும் நாமும் அதைப் பேணுவதே அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.