நம் தோட்டப் பள்ளியும் வாரியமும்

கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் நடப்பில் இருந்தது. 7 வயதுமுதல் 14 வயதுவரை 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது அச்சட்டம். ஆனால், பள்ளி துரையின் பொறுப்பாகவே இருந்தது. பெற்றோருக்கு அதில் பேச்சில்லை.

1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசாங்க உதவி பெற்றன. பள்ளி வாரியங்களும் அமைந்தன.

இன்று பகுதி உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் தருகிறது. நிலமோ பெரும்பாலும் தோட்டத்தினுடையது. கூரை ஒழுகினால் முயலவேண்டியது வாரியம். அதில் பெற்றோர் பேராளரும் உண்டு.

கொழுந்து நிறுக்கும்போது தராசை உற்றுப் பார்க்கும் நாம், வாரியத்துக்கு யாரை அனுப்புகிறோம் என்று பார்க்காமல் இருக்கலாமா? 10 பிள்ளைகளுக்காக வந்த பள்ளி, கவனிப்பாரின்றிப் போய்விடக்கூடாது.