சாக்கும் எதிர்வாதமும்

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் மதுரைக் காண்டத்தில் சற்றே தயங்கி நிற்பர். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பிக் கோவலனைக் கொல்லுமாறு பாண்டியன் ஆணையிட்டான். சிலம்பு வந்த வழி யாது என அவனை அவையில் நிறுத்தி வினவியிருந்தால் உண்மை அன்றே வெளிப்பட்டிருக்கும். அவன் மாண்ட பின்னரே கண்ணகி அரசவை புகுந்து வழக்குரைத்தாள். குற்றம் சாட்டப்பட்டவனின் சொல்லைக் கேளாது வழங்கும் தீர்ப்பு அரசையே அழிக்கும் என்பதைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர்.

களவு வழக்கில் இந்நெறியை ஏற்பது எளிது. மனைவியை அடித்து வதைத்ததாக ஒருவன் குற்றக்கூண்டில் நிற்கும்போதோ, இவனுக்கும் ஒரு வழக்கறிஞர் வேண்டுமா என்று நம் நெஞ்சம் சினந்து கேட்கும். அச்சினம் இயல்பானதே. எனினும் அக்கேள்விக்கு விடை காண, நம் நாடுகளின் சட்டம் பிறந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தல் நலம்.

மலேசியாவும் சிங்கப்பூரும் தம் குற்றவியல் சட்டத்தை இங்கிலாந்திலிருந்து இந்தியாவின் வழியாகப் பெற்றன. அந்த இங்கிலாந்தில், கணவன் மனைவியை 'அளவோடு' அடித்துத் திருத்தலாம் என்றொரு பழைய வழக்கு இருந்தது. அவ்வுரிமை ஐயத்திற்கு உரியதாகிவிட்டது என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதினார். மனைவியைச் சிறைப்படுத்தி வைக்கும் உரிமையும் கணவனுக்கு இல்லை என்று 1891-இல் ஜாக்சன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதே காலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்து வந்தது. கொலை, கொள்ளை போன்ற கொடுங்குற்றம் சாட்டப்பட்டவருக்காக அவருடைய வழக்கறிஞர் நடுவர் குழுவை நோக்கி வாதுரைக்க 1836 வரை இங்கிலாந்தில் இடமில்லை. குற்றம் சாட்டப்பட்ட எவரும் தம் வழக்கில் சத்தியம் செய்து சாட்சியம் அளிக்கும் பொதுவுரிமையை 1898-ஆம் ஆண்டுச் சட்டமே வழங்கியது. குற்றத்தை மெய்ப்பிக்கும் கடமை அரசுத் தரப்பினுடையது என்னும் கோட்பாட்டைப் பிரபுக்கள் சபை 1935-இல் உல்மிங்டன் வழக்கில் உறுதியாக நிலைநாட்டியது. அவ்வழக்கும் மனைவியைக் கொன்றதாகச் சாட்டப்பட்ட ஒருவனின் வழக்கே என்பது கருதத்தக்கது.

ஆகவே, வீட்டுக் கொடுமைக்குக் கூறப்படும் சாக்குகள் ஒருபுறம் சுருங்கின; தன் தரப்பைக் கூறும் உரிமை மறுபுறம் விரிந்தது. இவ்விரண்டும் ஒரே நீதியுணர்வின் இரு கிளைகள் எனலாம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மெக்காலே தலைமையில் வரையப்பெற்று 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி, நீரிணைக் குடியேற்றங்களில் 1871-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது 1872-இல் நடைமுறைக்கு வந்தது. அடித்தல், காயம் விளைவித்தல் பற்றிய அதன் பிரிவுகளில் கணவனுக்கென விதிவிலக்கு ஏதும் எழுதப்படவில்லை. அது ஏற்கும் எதிர்வாதங்கள் வேறு. தன்னுயிரையும் பிறர் உயிரையும் காக்கும் உரிமையை 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் வரையறுக்கின்றன. கடுமையான, திடீர்ச் சினமூட்டலால் நிகழ்ந்த கொலையை அச்சட்டம் கொலைக்குற்றத்தினின்றும் குறைத்து மதிப்பிடுகின்றது. குடிமயக்கத்தையோ 85, 86-ஆம் பிரிவுகள் மிகக் குறுகிய எல்லைக்குள் நிறுத்துகின்றன. தோட்டத்துக் கள்ளுக்கடையிலிருந்து தள்ளாடி வந்து மனைவியை அடித்தவன், மறுநாள் 'குடிதான் அடித்தது; நான் அடிக்கவில்லை' என்று கூறுவதை நம் மூத்த தலைமுறையினர் கேட்டிருப்பர். அது சாக்கேயன்றி எதிர்வாதம் ஆகாது.

ஏட்டில் விதிவிலக்கு இல்லாதபோதும், குடும்பச் சண்டை எனக் கூறிப் புகாரைத் தட்டிக் கழிக்கும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. ஆதலின் தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன. சிங்கப்பூரில் மாதர் சாசனம் 1961-இல் நடைமுறைக்கு வந்தது. நியமன நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் கன்வல்ஜித் சொய்ன் 1995-இல் கொணர்ந்த குடும்ப வன்முறை மசோதா ஏற்கப்படவில்லையாயினும், அதன் கருத்துகள் பல 1996-ஆம் ஆண்டின் சாசனத் திருத்தத்தில் இடம்பெற்றன. மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறி, 1996 ஜூன் முதல் நாள் அமலுக்கு வந்தது.

இச்சட்டங்கள் வழங்கும் பாதுகாப்பு ஆணையின் அமைப்பு ஆராயத்தக்கது. அபாயம் காத்திருப்பதில்லை, ஆதலால் மறுதரப்பைக் கேளாமலே உடனடி ஆணை வழங்க இடமுண்டு. மலேசியாவில் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த அவசரப் பாதுகாப்பு ஆணையைச் சமூக நல அதிகாரியே வழங்கலாம். அது 7 நாள் மட்டுமே செல்லும். அதற்கு மேலும் ஒருவரைக் கட்டுப்படுத்த நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். சிங்கப்பூரில் நிலையான ஆணை கோரப்படும்போது, எதிர்த்தரப்பினர் முன்னிலையாகிச் சாட்சிகளை வினவலாம். தம் சான்றுகளையும் காட்டலாம். அங்கு எது நிகழ்ந்திருக்கக்கூடும் என்னும் நிகழ்தகவே அளவுகோல். ஆணையை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டாலோ, நியாயமான ஐயத்திற்கு இடமின்றி அது மெய்ப்பிக்கப்பட வேண்டும். விரைந்து காத்தலும் பொறுத்துக் கேட்டலும் இங்ஙனம் அடுத்தடுத்து அமைக்கப்பட்டுள்ளன.

உரிமை இருப்பினும் அதைப் பேச நா வேண்டுமன்றோ? கைதானவர் வழக்கறிஞரை நாடும் உரிமையை மலேசிய அரசியலமைப்பின் 5(3) விதியும், சிங்கப்பூர் அரசியலமைப்பின் 9(3) விதியும் தருகின்றன. பணமில்லாதவனுக்கு அவ்வுரிமை நெடுங்காலம் ஏட்டளவிலேயே இருந்தது. சிங்கப்பூரில் வழக்கறிஞர் சங்கம் 1985-இல் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்தைத் தொடங்கியது. 2022 டிசம்பரில் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்தை அரசே அமைத்தது. மலேசியாவில் தேசியச் சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் ஏழைக் குடிமக்களுக்காக நீதிமன்றம் செல்கின்றது.

இவ்வுரிமை கொடியவனுக்கே பயன்படும் என்று எண்ணுதல் பிழை. கொடுமைக்கு உள்ளான பெண்ணே குற்றக்கூண்டில் நிற்கும் நாளும் உண்டு. கணவனின் கொடுமை தாளாது தமிழ்நாட்டில் ஒரு தாய் தன் இரு குழந்தைகளுடன் கிணற்றில் குதித்தாள், குழந்தைகள் இறந்தன, அவள் பிழைத்தாள். கொலைக்குற்றம் அவள்மீது சுமத்தப்பட்டது. 1989-இல் சென்னை உயர் நீதிமன்றம் நல்லதங்காள் கதையை நினைவுகூர்ந்து, நீண்டநாள் தொடர்ந்த கொடுமையும் சினமூட்டலாகலாம் என ஏற்று, குற்றத்தின் தரத்தைக் குறைத்தது. திடீரெனப் பொங்கும் சினத்தை மட்டுமே கருதிய சட்டம், ஆண்டுக்கணக்கில் அடக்கிய துயரையும் அன்று செவிமடுத்தது. அவளுக்காக வாதாட ஒருவரும் இல்லாதிருந்தால் அத்துயர் அவைக்கு வந்தே இராது.

தாக்கப்பட்டவர் பாதுகாப்பு அடைய வேண்டும். அதில் தாமதம் கூடாது. அடித்ததற்குக் குடியையும் கோபத்தையும் மானத்தையும் சாக்காகக் கூறுவோரை நாம் வீட்டிலும் வகுப்பறையிலும் மறுத்துரைக்க வேண்டும். அதே வேளையில், இருதரப்பும் கேட்கப்பட்ட பின் வழங்கும் தீர்ப்பே மேல்முறையீட்டிலும் நிலைக்கும். தாக்கப்பட்டவருக்கு நெடுநாள் அரணாகவும் அமையும். இவ்வேறுபாட்டை அறிந்த மாணவன் நாளை நீதிபதியாகலாம், காவலராகலாம், அண்டை வீட்டுக்காரனாகவும் இருக்கலாம். எந்நிலையில் இருப்பினும், கதவுக்கு அப்பால் கேட்கும் அழுகுரலுக்கு முதலில் விரைந்து செல்வான். பின்னர் இருவர் சொல்லையும் கேட்டறிந்தே தீர்ப்புரைப்பான்.