மரை கழன்ற தேசங்கள்

'அவனுக்கு மரை கழண்டு போச்சு' என்று யாரையாவது கிண்டல் செய்கிறோம். ஒரு மனிதருக்குக் கழன்றால் கஷ்டம் அந்த வீட்டோடு போகும். ஒரு தேசத்து மரை இன்னொரு தேசத்து மரையோடு பொருந்தாமல் போனால்? உலக யுத்தம் வரைக்கும் போன அந்தக் கதைதான் இந்த வாரம்.

முதலில் உங்களை ஒரு பழைய பட்டறைக்கு அழைத்துப் போகிறேன். நடுவில் ஒன்றரை டன் எடையுள்ள இங்கிலாந்து மிஷின் நிற்கிறது. எழுபது, எண்பது வருஷத்து உழைப்பாளி. அதை இடம் மாற்ற வேண்டும். உத்தரத்தில் செயின் பிளாக் தொங்கவிட்டாயிற்று. மிஷினின் தலையில், தூக்குவதற்கென்றே மரை போட்ட ஓட்டை ஒன்று இருக்கிறது. அதில் ஐ போல்ட்டை, அதாவது தலையில் வளையம் உள்ள போல்ட்டைத் திருகி, வளையத்தில் கொக்கியை மாட்டினால் தூக்கிவிடலாம்.

கடைக்கு ஓடிய பையன் 'எம் 24' ஐ போல்ட்டோடு வருகிறான். திருகினால் உள்ளே போகிறது. நாலு சுற்று போனதும் இறுகுகிறது. "அண்ணே, கரெக்டா உட்கார்ந்துருச்சு!" என்கிறான்.

உட்காரவில்லை. அங்கேதான் எமன் உட்கார்ந்திருக்கிறான்!

அந்த ஓட்டை 1 அங்குல ஓட்டை. அதாவது 25.4 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 8 மரை. பையன் வாங்கி வந்த போல்ட் 24 மில்லிமீட்டர். மரைக்கு மரை 3 மில்லிமீட்டர் தூரம். ஓட்டையின் மரைகளுக்கு நடுவிலோ 3.175 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான். முதல் சுற்றில் தெரியாது. சுற்றச் சுற்ற வித்தியாசம் சேர்ந்துகொண்டே போய், நாலாவது சுற்றில் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். பையன் கைக்குத் தெரிந்த இறுக்கம் அந்த முட்டல்தான். தூக்கும்போது மொத்தப் பாரமும் ஒன்றிரண்டு மரையின் விளிம்பில் நிற்கும். அது பிய்த்துக்கொண்டால் கீழே இருப்பவர் கதி என்ன?

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், தினமும் பதினேழு பைசா கணக்கு உதைத்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வருஷக் கடைசியில் பேலன்ஸ் ஷீட் காட்டிக் கொடுத்துவிடும். அது போலத்தான் இதுவும்.

சரி, ஒரு போல்ட்டில் ஏன் இத்தனை வில்லங்கம்? பதில் இருநூறு வருஷத்துக்கு முந்தைய லண்டனில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் போல்ட்டும் நட்டும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. ஒரு போல்ட்டுக்கு அதனோடு பிறந்த நட்டுதான் சேரும். ஒரே பட்டறையில் செய்த இரண்டு போல்ட்டுகளில் ஒன்றின் நட்டு அடுத்ததில் ஏறாது. மிஷினைப் பிரித்தால் எது எதோடு சேர்ந்தது என்று அடையாளம் போட்டு வைக்க வேண்டும். மாறிவிட்டால் கதை கந்தல்.

இதை மாற்றத் துணிந்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி மாட்ஸ்லே. ஜோசப் பிராமா என்ற பூட்டுத் தயாரிப்பாளரிடம் வாரம் 30 ஷில்லிங் சம்பளத்துக்கு இருந்தவர். கல்யாணமாகி, குழந்தைகளும் வந்தாச்சு, கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்றார். முதலாளி கையை விரித்தார். 1797-ல் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார். ஒரே மாதிரி மரையைத் திரும்பத் திரும்ப வெட்டித்தரும் லேத்தை அங்கே உருவாக்கினார்.

அவர் கைக்கு வந்த பெரிய வேலை எது தெரியுமா? பாரம் தூக்கும் கப்பிகள்! நெப்போலியனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படைக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் கப்பிகள் தேவைப்பட்டன. ஒரு பெரிய போர்க்கப்பலுக்கே ஆயிரத்துக்குப் பக்கத்தில் வேண்டும். எல்லாம் கையால் செதுக்கியவை. மார்க் புரூனல் திட்டம் போட, மாட்ஸ்லே மிஷின்களைச் செய்து கொடுக்க, போர்ட்ஸ்மவுத்தில் ஆலை எழுந்தது. 1808-ல் அந்த ஆலை வருஷத்துக்கு 1,30,000 கப்பிகளைத் தள்ளியது. 110 பேர் செய்த வேலையைப் பத்தே பேர் செய்தார்கள். மற்ற நூறு பேர் என்ன ஆனார்கள் என்பது தனிக் கதை.

மாட்ஸ்லே பட்டறைக்கு 1825-ல் வேலைக்கு வந்தார் ஜோசப் விட்வொர்த் என்ற இளைஞர். நம் கதையின் ஹீரோ. தொழிலைக் கரைத்துக் குடித்துவிட்டு 1833-ல் மான்செஸ்டரில் தனிக்கடை வைத்தார். 'லண்டனிலிருந்து வந்த டூல் மேக்கர்' என்று போர்டு மாட்டிக்கொண்டார். விளம்பர சூட்சுமம் அப்போதே தெரிந்திருக்கிறது!

விட்வொர்த் செய்தது எளிமையான காரியம். பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார். அளந்தார். சராசரி எடுத்தார். 'இன்ன அளவு போல்ட்டுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை, மரையின் கோணம் 55 டிகிரி' என்று பட்டியல் போட்டு 1841-ல் லண்டன் சிவில் இன்ஜினீயர்கள் சங்கத்தில் வைத்தார். யாருடைய அளவையும் உயர்த்திப் பிடிக்காமல் எல்லோருக்கும் நடுவில் நின்றதால் பெரிய சண்டை வரவில்லை. ரயில்வேக்கள் அதை ஏற்றுக்கொண்டன. கப்பல், நூற்பாலை எல்லாம் பின்னாலேயே வந்தன. பிரிட்டிஷ் கொடி பறந்த இடமெல்லாம் விட்வொர்த் மரையும் போனது. நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அமெரிக்கா சும்மா இருக்குமா? 1864-ல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் எழுந்தார். "55 டிகிரியை அளப்பதே பாடு. மரையின் உச்சியை வேறு உருண்டையாக்க வேண்டும். சாதாரணத் தொழிலாளியால் ஆகிற காரியமா? 60 டிகிரி வைப்போம், உச்சியைத் தட்டையாக வெட்டுவோம்" என்பது அவர் கட்சி. ஞாயமான கட்சிதான். அமெரிக்கா அவர் பின்னால் போனது. ஐரோப்பாக்காரர்கள் 1898-ல் சூரிச் நகரில் கூடி, மில்லிமீட்டரில் இன்னொரு பட்டியல் போட்டார்கள். ஆக, உலகத்தில் மூன்று பெரிய மரைக் கட்சிகள்!

இந்தக் கூத்துக்கு விலை கொடுத்தது இரண்டாம் உலக யுத்தத்தில். பிரிட்டனின் லங்காஸ்டர், ஸ்பிட்ஃபயர் விமானங்களில் ஓடிய ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின், இங்கிலாந்து ஆலைகள் மட்டும் செய்து தீராத அளவுக்குத் தேவைப்பட்டது. அமெரிக்காவின் பேக்கார்ட் கார் கம்பெனி செய்து தர ஒப்புக்கொண்டது. வரைபடங்கள் வந்தன. பார்த்தால், அத்தனையும் பிரிட்டிஷ் மரை! அதை வெட்டுகிற டேப்பும் டையும் அமெரிக்காவில் கிடைக்கவில்லை. பேக்கார்ட் அவற்றையும் தானே தயாரித்து, அதன் பிறகு இன்ஜின் செய்தது.

பட்டது போதும் என்று அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948 நவம்பர் 18-ல் வாஷிங்டனில் கையெழுத்துப் போட்டன. பொது மரை, 60 டிகிரி. விட்வொர்த்தின் 55-க்கு விழுந்த முதல் அடி. 1965-ல் பிரிட்டிஷ் தரக் கழகமே 'இனி புதிய வேலைக்கு மில்லிமீட்டர்தான் முதல் தேர்வு' என்று விட்வொர்த்துக்கு விடை கொடுத்தது. இந்தியா 1956-லேயே மெட்ரிக் சட்டம் போட்டுவிட்டது.

சட்டம் மாறியது. ஆனால், வார்ப்பிரும்பில் வெட்டிய மரை மாறுமா? பழைய மிஷின் இன்னமும் தலையில் விட்வொர்த்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது. கடையிலோ மில்லிமீட்டர் போல்ட். நம் தச்சரும் மேஸ்திரியும் அரை அங்குலத்தை இன்றைக்கும் 'நாலு நூல்' என்கிறார்கள் இல்லையா? அது மாதிரிதான்.

அப்படியானால் அந்த மிஷினை எப்படித் தூக்குவது?

ஓட்டையின் விட்டத்தை வெர்னியரில் அளக்கட்டும். மரையைத் திரெட் கேஜ் வைத்துப் பார்க்கட்டும். அமெரிக்க மிஷினாக இருந்தால் இன்னும் உஷார். பல அளவுகளில் இரண்டு நாட்டுக்கும் மரை எண்ணிக்கை ஒன்றுதான், கோணம்தான் வேறு. அரை அங்குலத்தில் மட்டும் பிரிட்டனுக்கு 12, அமெரிக்காவுக்கு 13. சரியான ஐ போல்ட் கையாலேயே கடைசி வரை இறங்கும். அதன் கழுத்துப் பட்டை மிஷினில் படிந்து உட்காரும். இடையில் இறுகினால் ஸ்பானரைத் தேடாதீர்கள். கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று. போல்ட்டில் போட்டிருக்கும் எடை நேர் மேலே தூக்குவதற்கு. ஜெர்மன் தரப்படி எம் 24 போல்ட் நேராக 1,800 கிலோ தாங்கும். 45 டிகிரி சாய்த்து இழுத்தால் அதே போல்ட்டுக்கு 1,290 கிலோதான். பக்கவாட்டு இழுப்பு எந்தப் போல்ட்டுக்கும் ஆகாது. சந்தேகம் வந்தால் ஓட்டையையே மறந்துவிட்டு, எடைக்கேற்ற பெல்ட்டை மிஷினின் அடியில் கொடுத்துத் தூக்குவது நல்லது.

ஒரு திரெட் கேஜ் சில நூறு ரூபாய்தான். அதை வாங்காமல் மிச்சம் பிடித்தால், லாப நஷ்டக் கணக்கில் எதிர்ப்பக்கம் எழுத வேண்டியது அந்தப் பையனின் பெயர்.