தரவைத் திருடாமல் திருத்தும் சைபர் தாக்குதல்: அந்தமான் நிகோபாருக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுவது ஏன்?

ஸ்ரீ விஜயபுரம்: கணினியில் உள்ள தகவலைத் திருடாமல், முடக்காமல், அதில் உள்ள எண்களையும் பதிவுகளையும் யாரும் அறியாதவாறு மாற்றிவிடும் சைபர் தாக்குதல்கள் உலக நாடுகளுக்குப் பெரும் சவாலாக உருவெடுத்துள்ளன. நிலப்பரப்பிலிருந்து ஆயிரம் கிலோ மீட்டருக்கும் அப்பால் அமைந்து, கேபிள் வழியாகவும் செயற்கைக்கோள் வழியாகவும் வரும் தகவலைப் பெரிதும் சார்ந்திருக்கும் அந்தமான் நிகோபார் தீவுகளில் இத்தகைய தாக்குதலின் விளைவு கடுமையாக இருக்கக்கூடும்.

மூன்று வகை ஆபத்துகள்

தகவல் பாதுகாப்புக்கு மூன்று அடிப்படைகள் உள்ளன. தகவல் ரகசியமாக இருக்க வேண்டும். தேவைப்படும்போது கிடைக்க வேண்டும். உரிமை இல்லாதவர்களால் மாற்றப்படாமல் இருக்க வேண்டும்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீங்கு நிரல் புகுந்ததை 2019 அக்டோபரில் இந்திய அணுமின் கழகம் உறுதிப்படுத்தியது. அணு உலைகளை இயக்கும் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் அது தெரிவித்தது. இது முதல் அடிப்படை சார்ந்த ஊடுருவல். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கி, நோயாளிகளின் விவரங்களைக் கையால் எழுத நேர்ந்தது இரண்டாவது வகை. அந்தப் பாதிப்பு உடனடியாக வெளியே தெரிந்தது.

மூன்றாவது வகையில் அவ்வாறு எதுவும் தெரிவதில்லை. கணினி வழக்கம்போல் இயங்கும். திரையில் எண்கள் தோன்றும். அந்த எண்கள் பொய்யானவை என்பதை அறியாமலேயே அதிகாரிகள் முடிவெடுப்பார்கள்.

உலகுக்கு உணர்த்திய ஸ்டக்ஸ்நெட்

இதற்கு மிகவும் அறியப்பட்ட உதாரணம், 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் தீங்கு நிரல். ஈரானின் நடான்ஸ் யுரேனியம் செறிவூட்டல் நிலையத்தில் இருந்த மையவிலக்குக் கருவிகளின் வேகத்தை அது மாற்றி அமைத்தது. அதே நேரத்தில், முன்பே பதிவு செய்து வைத்திருந்த இயல்பான அளவீடுகளைக் கண்காணிப்புத் திரைகளில் மீண்டும் மீண்டும் ஓடவிட்டது. கருவிகள் பழுதாகிக்கொண்டிருந்தபோதும் ஊழியர்களின் திரையில் அனைத்தும் சீராகவே தெரிந்தன. இந்த நிரல் இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் உள்ள ஏராளமான கணினிகளிலும் பரவியிருந்தது பின்னர் கண்டறியப்பட்டது.

இந்தியாவில் நடந்தவை

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் பணப் பரிமாற்ற அமைப்பில் 2018 பிப்ரவரியில், வங்கி பிறப்பிக்காத மூன்று பரிமாற்ற உத்தரவுகள் சேர்க்கப்பட்டன. அவற்றின் மொத்த மதிப்பு சுமார் 20 லட்சம் டாலர். பரிமாற்றத்துக்கான ஒப்புகைகளை அச்சிடும் பிரிண்டரும் முடக்கப்பட்டிருந்தது. அன்றாடக் கணக்கு ஒப்பீட்டின்போதுதான் மோசடி வெளிப்பட்டது. நம்பகமான ஓர் அமைப்புக்குள் பொய்யான பதிவைச் சேர்ப்பதும், அதைக் காட்டிக்கொடுக்கும் தடயத்தை மறைப்பதும் இவ்வகைத் தாக்குதலின் அடையாளங்கள்.

ஜிபிஎஸ் சமிக்ஞைகளைப் போலியாக உருவாக்கும் 'ஸ்பூஃபிங்' இதன் மற்றொரு வடிவம். இதில் விமானத்தின் கருவி செயலிழப்பதில்லை. தவறான இடத்தைச் சரியான இடம்போல் காட்டுகிறது. டெல்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்கள் இத்தகைய போலிச் சமிக்ஞைகளை எதிர்கொண்டதாக மத்திய விமானப் போக்குவரத்துத் துறை 2025 டிசம்பர் 1 அன்று நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அந்தமானுக்கு விமானங்கள் புறப்படும் முக்கிய நகரங்களான சென்னை, கொல்கத்தா உள்ளிட்ட விமான நிலையங்களிலிருந்தும் இத்தகைய புகார்கள் வந்ததாக அந்தப் பதிலில் கூறப்பட்டது. தரையில் உள்ள வழக்கமான வழிகாட்டுக் கருவிகளின் உதவியுடன் விமானங்கள் பாதுகாப்பாக இயக்கப்பட்டன.

தீவுகளின் நிலை என்ன?

அந்தமான் நிகோபாரின் இணையத் தொடர்பு நீண்ட காலம் செயற்கைக்கோளை மட்டுமே நம்பியிருந்தது. சென்னையையும் அப்போது போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட தலைநகரையும் இணைக்கும் சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடி கண்ணாடி இழை கேபிள் திட்டத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைத்தார். சுமார் 1,224 கோடி ரூபாய் செலவிலான இத்திட்டம் ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் உள்ளிட்ட தீவுகளையும் இணைக்கிறது.

இதனால் வங்கி, மருத்துவம், அரசு நிர்வாகம் ஆகியவை வேகம் பெற்றன. அதே சமயம், நிலப்பரப்பில் உள்ள சர்வர்களைச் சார்ந்திருக்கும் நிலையும் அதிகரித்தது. பெருநகரில் ஒரு பதிவின் மீது சந்தேகம் எழுந்தால் வேறோர் அலுவலகத்தில் நேரில் சரிபார்க்கலாம். கேம்ப்பெல் பேயில் வசிப்பவருக்கோ தலைநகருக்குச் செல்வதே கப்பலையும் வானிலையையும் பொறுத்தது.

சுனாமி எச்சரிக்கையில் இதன் முக்கியத்துவம் தெளிவாகிறது. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கம் ஏற்பட்ட சில நிமிடங்களிலேயே நிகோபார் தீவுகளை அலைகள் தாக்கின. அதன் பின்னர், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் 2007-இல் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. நில அதிர்வுப் பதிவுகள், கடலின் அடியில் உள்ள அழுத்த உணரிகள், கடற்கரையோரக் கடல்மட்ட அளவிகள் ஆகியவற்றின் தரவுகளை அம்மையம் ஆராய்கிறது.

இந்தத் தரவுகளில் ஒன்றை யாரேனும் குறைத்துக் காட்டினால் எச்சரிக்கை தாமதமாகலாம். மிகைப்படுத்திக் காட்டினால் பொய் எச்சரிக்கை பிறக்கும். மக்களின் நம்பிக்கை குலைந்து, அடுத்த முறை உண்மையான எச்சரிக்கை வரும்போது அவர்கள் வெளியேறத் தயங்குவார்கள். இது ஆபத்தை விளக்குவதற்கான ஒரு கற்பனைச் சூழலே. ஆயினும், ஒரே கருவியை நம்பாமல் பல வகைத் தரவுகளை ஒப்பிட்டு முடிவெடுக்கும் முறையின் தேவையை இது உணர்த்துகிறது.

கப்பல் போக்குவரத்தும் இவ்வாறானதே. கிரேட் நிகோபாருக்குத் தெற்கே, மலாக்கா நீரிணையை நோக்கிச் செல்லும் உலகின் முக்கியக் கடல்வழி உள்ளது. கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை ஏஐஎஸ் என்ற தானியங்கி அமைப்பு மூலம் அறிவிக்கின்றன. 2021 ஜூனில் பிரிட்டனின் 'டிஃபெண்டர்' போர்க்கப்பல் கிரிமியாவின் செவஸ்தபோல் அருகே இருப்பதாக ஏஐஎஸ் தரவு காட்டியது. ஆனால், உக்ரைனின் ஒடெசா துறைமுகத்தில் அக்கப்பல் நின்றிருந்ததை நேரலை கேமரா காட்சிகள் காட்டின.

தடுப்பது எப்படி?

முதலாவது, தரவுக்குக் கைரேகை போன்ற அடையாளம் இடும் 'ஹேஷ்' முறை. ஒரு கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த அடையாளம் முற்றிலும் மாறிவிடும். எனினும், அடையாளத்தைக் கோப்பு இருக்கும் அதே சர்வரில் வைத்தால், ஊடுருவியவர் இரண்டையும் மாற்றிவிட முடியும். ஆகவே, அதைத் தனியாகப் பாதுகாப்பது அவசியம்.

இரண்டாவது, இணையத் தொடர்பில்லாத நகல்கள். ஆனால், திருத்தம் நடந்து பல மாதங்களுக்குப் பின் தெரியவந்தால் அண்மைய நகல்களிலும் பொய்யே இருக்கும். எனவே, வெவ்வேறு காலத்திய நகல்களைப் பேணுதல் வேண்டும்.

மூன்றாவது, யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவேடு. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் இப்பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். கணினிக் கடிகாரங்களை அங்கீகரிக்கப்பட்ட நேரத்துடன் ஒத்திசைக்க வேண்டும். சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

நான்காவது, சுயேச்சையான இரண்டாவது சான்று. கும்பகோணம் வங்கிக்குக் கணக்கு ஒப்பீடும், டெல்லி விமானங்களுக்குத் தரைக் கருவிகளும், பிரிட்டன் கப்பல் விவகாரத்தில் கேமராவும் இப்பணியைச் செய்தன. புதிய தொழில்நுட்பம் வந்ததும் பழைய கருவிகளையும் காகிதப் பதிவேடுகளையும் முழுமையாகக் கைவிடுவது இந்தச் சான்றை இழப்பதற்கு ஒப்பாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கணினியில் உள்ள தகவலை அனுமதியின்றி அழிப்பதுடன், மாற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆவது பிரிவின் கீழ் வருகிறது. தீய நோக்கத்துடன் அதைச் செய்தால் 66-ஆவது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அரசு 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என அறிவித்த கணினிகளில் ஊடுருவினால் 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

பொதுமக்கள் தங்கள் வங்கிக் கணக்கு விவரங்களை அவ்வப்போது சரிபார்ப்பதும், நிலம், மருத்துவம் தொடர்பான ஆவணங்களின் அச்சு நகல்களை வைத்திருப்பதும் நல்லது. இணையவழிப் பண மோசடி குறித்து 1930 என்ற தேசிய உதவி எண்ணில் உடனடியாகப் புகார் அளிக்கலாம்.